கன்னியாகுமரி மாவட்டத்து வீட்டில் பழைய வீடியோ கேம் கன்சோல்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய கன்சோல்களைச் சேர்த்து, ஓடும் நிலையிலேயே வீட்டில் பார்வைக்கு வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கன்சோலை வாங்குகிறார்கள், பிறகு அதற்கு அடாப்டர் தேடுகிறார்கள், அதன்பின் டிவி தேடுகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் நம் மாவட்டத்தில் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். இடம் முதலில், மின்சாரம் அடுத்து, கன்சோல் கடைசி. எல்லை வகுத்த பின், கீழே உள்ள படிகளும் இடத்திலிருந்தே தொடங்குகின்றன; மின்சார விவரங்கள் 7-ஆம் படியில் இருக்கின்றன.

1. எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்வதே முக்கியம். ஒரு நிறுவனம், ஒரு தலைமுறை, அல்லது நம் ஊரில் உண்மையிலேயே புழங்கிய கருவிகள் என்று ஏதாவது ஓர் எல்லை வேண்டும். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் வந்த டிவி கேம்கள், கேம் பாய், பிளேஸ்டேஷன் 1, பிளேஸ்டேஷன் 2 என்ற அளவிலேயே ஒரு நல்ல சேகரிப்பு அமைந்துவிடும்.

எல்லை இல்லாவிட்டால் பணம் மட்டும் போகாது. ஒவ்வொரு குடும்பத்துக் கன்சோலுக்கும் தனி அடாப்டர், தனி ஏவி கேபிள், தனித் திருப்புளி தேவைப்படுவதால், ஐந்து கன்சோல் சேர்வதற்குள் ஐம்பது துணைப்பொருள்கள் சேர்ந்துவிடும்.

2. அலமாரியை முதலில் தயார் செய்யுங்கள்

ஈரப்பதத்தை அளக்கும் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். கன்சோலுக்கு 40 முதல் 50 சதவீதம் வரை நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களிலும், பேச்சிப்பாறை, குலசேகரம் போன்ற மலையோர ஊர்களிலும் மழை மாதங்களில் திறந்த அறையில் 80-க்குக் கீழே எண் இறங்குவதே அரிது.

மலிவான ஹைக்ரோமீட்டர்கள் சற்றுப் பிழையாகக் காட்டும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சிறு மூடியில் உப்பை எடுத்து, சேறுபோல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 79 காட்டினால், இனிமேல் அது காட்டுவதில் நான்கைக் கழித்துக்கொள்ளலாம். புத்தளத்து உப்பளத்துக் கல்லுப்பே இதற்குப் போதும்.

வெளிச்சுவரில் கட்டிய கான்கிரீட் அலமாரியைத் தவிர்த்துவிடுங்கள். மழையில் நனையும் சுவர் பல நாள்களுக்கு உள்பக்கமாக ஈரத்தை விடும். பின்பக்கம் சாய்த்து வைத்த பெட்டிகளில்தான் முதலில் பூஞ்சை தெரியும். வீட்டின் உள்சுவரை ஒட்டி, சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு, கால் உள்ள தனி அலமாரியாக வைப்பது நல்லது.

எந்தப் பொருளில் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போகும், கறையானுக்கும் விருந்தாகும். அலுமினிய ஃபேப்ரிகேஷன் கடையில் கண்ணாடிக் கதவுடன் செய்து வாங்கும் அலமாரியே என் தேர்வு. தேக்கு, அயனி மர அலமாரி ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தால் வாடை முழுவதும் போகும்வரை சில வாரங்கள் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

கதவின் ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறும் வகையையே வாங்குங்கள்: ஈரம் ஏறியதும் நீலம் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆரஞ்சு வகையே நல்லது. நிறம் மாறியவற்றை ஏறத்தாழ 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் காய வைத்தால் மறுபடி பயன்படும். சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனை இதற்கு எடுக்காதீர்கள்.

ரப்பர் பட்டை இல்லாத கதவுக்குப் பின்னால் எத்தனை கிலோ ஜெல் வைத்தாலும் பயனில்லை. ஒரு வாரத்தில் அறையின் ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும். புதியவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறை உள்ள வீடுகளில், அதை ஒட்டிய அறை வேண்டாம். புகைப்பிசின் பிளாஸ்டிக்கில் படிந்தால், துடைத்தாலும் வாடை போகாது.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று. விலை உயர்ந்தது தேவையில்லை; ஏசி, டிசி வோல்ட் இரண்டையும் அளந்தால் போதும். இது கையில் இல்லாமல் எந்தக் கன்சோலுக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத வகையில் மீதி பெரும்பாலும் தண்ணீர். அது உலர நேரமாகும். கூடவே, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில். எதற்கென்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

சாதாரண நட்சத்திரத் திருப்புளியோடு, நிண்டெண்டோ கேசட்டுகளுக்கு 3.8 மில்லிமீட்டர், சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 போன்றவற்றின் உடலுக்கு 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் (இந்தத் திருகுகளுக்கென்றே உள்ள திருப்புளி), கேம் பாய்க்கு மூன்று கதிர்த் திருப்புளி ஆகியவை வேண்டும். பேனா முனையை உருக்கி அழுத்தித் திருப்பும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள். திருகின் தலையும் கெடும், உருகிய பிளாஸ்டிக் குழியில் தங்கிவிடும்.

4. எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது

நம் மாவட்டத்தில் மிகச் சிறந்த ஊற்று, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுப் பரண். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் வட்டாரங்களில் துபாய், குவைத், சவுதியிலிருந்து பிள்ளைகளுக்கென்று வந்த கன்சோல்கள் இன்னும் பெட்டியோடு கிடக்கின்றன. அடுத்தது ஆக்கர் கடைகள், அதாவது பழைய பொருள்களை எடைக்கு வாங்கும் கடைகள். அங்கே எடைக்குப் போடும் முன் எடுத்து வைக்கச் சொல்லி, கடைக்காரரிடம் ஒரு படத்தைக் கொடுத்து வைப்பது பலன் தரும். திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற பெயருள்ள பஜாரும் சென்னை ரிச்சி தெருவும் உதிரிபாகங்களுக்கு உதவும்.

சவுதியிலிருந்து வந்தது என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் நெடுங்காலம் 127 வோல்ட் இணைப்பே இருந்தது. ஆகவே 110 அல்லது 120 வோல்ட்டுக்கான கன்சோலை அங்கே வாங்கி வந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘கல்ஃப் பொருள், நம்ம கரண்டுக்கு ஓடும்’ என்று விற்பவர் உறுதியாகச் சொன்னாலும், அடியில் ஒட்டிய லேபிள் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

நேரில் பார்க்கும்போது இந்த வரிசையில் பாருங்கள்: அடி லேபிள், காற்றுத் துவாரங்கள், பேட்டரி அறை, கேசட் செருகும் வாய், கடைசியாக மேல்தோற்றம். புதியவர்கள் மேல்தோற்றத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கீறல் விழுந்திருந்தாலும் உள்ளே பச்சைத் துரு பிடிக்காத கன்சோல், பளபளவென்று இருந்து பேட்டரி கசிந்த கன்சோலைவிடப் பல மடங்கு மதிப்பு.

துவாரங்கள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பரணில் கிடந்த பிளேஸ்டேஷன் 2-இன் உள்ளே பல்லி முட்டையின் வெள்ளை ஓடுகளும் எச்சமும் இருப்பது சாதாரணம். அது மட்டும் என்றால் வாங்கலாம். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில் கருப்பாக ஒரு கோடும், அதன் முனையில் காய்ந்த பல்லியும் தெரிந்தால், அது மின்பகுதிக்குள் மாட்டி இறந்திருக்கிறது. உதிரிபாக விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

விற்பவர் வீட்டிலேயே ‘ஓடுதா பாருங்க’ என்று செருகிக் காட்ட வந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஏனென்பது அடுத்த படிகளில் விளங்கும்.

5. வந்த அன்றே மின்சாரம் கொடுக்காதீர்கள்

வாங்கி வந்ததை நேராக அலமாரியில் வைக்கவும் கூடாது, செருகவும் கூடாது. ஒரு பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நல்ல சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் தனியாக வையுங்கள். எறும்போ கரப்பானோ உள்ளே குடியிருந்தால் இந்த வாரத்தில் வெளியே தெரியும். பரணில் பல மழைக்காலம் கிடந்த பலகையின் ஈரமும் மெல்ல இறங்கும்.

ஈரப் பலகையில் மின்சாரம் பாயும்போது, உப்பும் தூசும் கலந்த அந்த ஈரமே மின்கடத்தியாகிச் செம்புத் தடங்களை அரிக்கிறது. விற்பவர் வீட்டில் செருகக் கூடாது என்றதன் காரணம் இதில் பாதி. மீதிப் பாதி அடாப்டரில் இருக்கிறது.

பூச்சிக்கென்று பாச்சை உருண்டையைப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள நாப்தலீன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை, குறிப்பாகப் பாலிஸ்டைரீனை, இளக்கும். கேசட் பெட்டியும் ஒளிபுகும் மூடியும் பிசுபிசுப்பாகிவிட்டால் அதைத் திருத்த வழியில்லை.

6. திறந்து சுத்தம் செய்தல்

தை, மாசி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்ற காலம். காற்று உலர்ந்திருக்கும், கழுவிய பாகங்கள் ஒரே நாளில் காயும். மழை மாதத்தில் வாங்கியதை டப்பாவிலேயே விட்டுவைத்துக் காத்திருப்பது தவறில்லை.

திறக்கும் முன்பே ஒவ்வொரு நிலையையும் செல்போனில் படம் எடுங்கள். திருகுகளை, அவை இருந்த அமைப்பிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான திருகைக் குட்டைக் குழியில் முறுக்கி மேல்மூடியைத் துளைத்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு.

மின்வழங்கிப் பகுதி உள்ளேயே இருக்கும் கன்சோல்களில், குறிப்பாகப் பிளேஸ்டேஷன் 1 போன்றவற்றில், அந்தச் சிறு பலகையைக் கையால் தொடாதீர்கள். 230 வோல்ட்டில் ஓடும் மின்வழங்கியின் முதன்மைக் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) ஏறத்தாழ 320 வோல்ட் சேரும். வயரைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும்.

வெளி ஓட்டைப் பலகையிலிருந்து முழுதாகப் பிரித்த பிறகு, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். லேபிள் ஒட்டிய பகுதியை மட்டும் நனைக்காமல் துடையுங்கள். நிழலில் உலர்த்துங்கள், மொட்டை மாடி வெயிலில் அல்ல.

பலகைக்கு வருவோம். எல்லாரும் ஆல்கஹாலை எடுத்து நேராகத் துடைப்பார்கள். உள்நாட்டு ஊரிலிருந்து வந்ததற்கு அது சரி. கடலோர வீட்டில் இருந்து வந்த பலகைக்கு அது போதாது, ஏனென்றால் உப்பு தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. ஆகவே முதலில் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மென்மையான தூரிகையால் தேய்த்து, உடனே ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அதற்கே உரிய உப்புகள் இருப்பதால் அது உதவாது. அதன்பின் ஃபேன் காற்றில் ஒரு முழு நாள் விடுங்கள்.

இதைச் செய்யாமல் விட்ட பலகை அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். படிந்திருக்கும் உப்பு அடுத்த ஆடிச் சாரலில் காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு மறுபடி அரிக்கத் தொடங்கும். பழுது பல மாதம் தள்ளி வருவதால், காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பேட்டரி கசிந்த அறையில், அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பொடிக்கு வெள்ளை வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால். சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியர், திரை மங்கலாகவோ ஒலியின்றியோ இருந்தால் அதன் கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றுவதே வழி. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் தொடக்ககாலப் பலகைகளில் கடிகாரத்துக்கான கெப்பாசிட்டர் கசிந்து பக்கத்துத் தடங்களைத் தின்னும். அதைக் கழற்றி எறிந்தாலும் கன்சோல் ஓடும், நேரம் மட்டும் நினைவில் நிற்காது. ஆகவே கையில் கிடைத்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

7. மின்சாரம்: கன்சோல்கள் சாகும் இடம்

நான் பார்த்தவரை பழைய கன்சோல்கள் வயதாகிச் சாவதைவிடத் தவறான அடாப்டரால் சாவதே அதிகம். குழியில் பின் பொருந்துகிறது என்பதற்காக அந்த அடாப்டர் பொருத்தமானது ஆகிவிடாது.

பார்க்க வேண்டியவை நான்கு, இந்த வரிசையில்: வெளியீடு ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், பின்னின் நடுமுனை நேரா (+) எதிரா (−), எத்தனை ஆம்பியர். முதல் மூன்றும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் மட்டும் தேவைக்கு மேலே இருக்கலாம், கீழே இருக்கக் கூடாது; கன்சோல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும்.

நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் கன்சோலுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர். அதே குடும்பத்து வெளிநாட்டு வடிவமான என்.இ.எஸ். கன்சோலுடன் வருவதோ 9 வோல்ட் ஏசி. பின் இரண்டிலும் பொருந்தும். என்.இ.எஸ். அடாப்டரை ஃபாமிகாமில் செருகினால் ஃபாமிகாமின் கதை அங்கே முடிந்தது. ஐரோப்பியச் சந்தைக்கு வந்த சூப்பர் நிண்டெண்டோவின் அடாப்டரும் 9 வோல்ட் ஏசிதான்.

இந்த ஏசி அடாப்டர்களை டிசி அளவையில் வைத்து அளந்தால் மல்டிமீட்டர் சுழியத்தைக் காட்டும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாமல், அளவையை ஏசிக்கு மாற்றி மறுபடி பாருங்கள். மறுபக்கம், கனமான பழைய வகை 9 வோல்ட் டிசி அடாப்டர்கள் சுமையின்றி அளக்கும்போது 12, 13 என்று காட்டுவது இயல்பு. கன்சோலை ஓட்டும்போது அது இறங்கிவிடும்.

சேகா மெகா டிரைவில் முதல் மாடலுக்கு நடுமுனை எதிர், இரண்டாம் மாடலுக்கு நடுமுனை நேர். பின்னின் அளவு வேறு என்பதால் அசல் அடாப்டர்கள் மாறிப் போகாது. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும், பல முனைகளும் வோல்ட் திருகும் துருவ மாற்றியும் உள்ள எலிமினேட்டர் என்ற பொது அடாப்டர் எல்லாவற்றிலும் பொருந்தும். யாராவது தூசி துடைக்கும்போது அந்தத் திருகு நகர்ந்தால் போதும். அத்தகைய எலிமினேட்டர் சேகரிப்பவர் வீட்டில் இருக்கவே கூடாது. மீடியா, லிட்டில் மாஸ்டர் வகை டிவி கேம்களில் துருவம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், குழியருகே அச்சிட்ட குறியைப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

அடாப்டர் வெளியே உள்ள கன்சோல்களுக்கு, சரியான வெளியீடுள்ள 230 வோல்ட் அடாப்டரை வாங்கினால் முடிந்தது. மின்வழங்கி உள்ளேயே உள்ள ஜப்பானிய, அமெரிக்கக் கன்சோல்களுக்குத்தான் வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஜப்பானியக் கருவிக்கு 100 வோல்ட், அமெரிக்கக் கருவிக்கு 110 முதல் 120 வோல்ட் வெளியீடு. கன்சோலின் தேவையைவிட ஒன்றரை மடங்கு திறனுள்ளதாக, செம்புச் சுற்றுள்ள கனமான வகையை வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டிக்கென்று வரும் எடையற்ற பயண மாற்றிகள் மின்னணுக் கருவிக்கு ஆகாது.

டிரான்ஸ்ஃபார்மரில் செருக வேண்டிய ஒவ்வொரு வயரின் முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, அந்தக் கருவிக்கு ஏற்ப ‘100’ அல்லது ‘110’ என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரியும், விடுமுறைக்கு வரும் மருமகனுக்குத் தெரியாது.

எல்லாம் சரிபார்த்த பிறகு, கேசட் இல்லாமல் முதலில் ஐந்து நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். புகை வாடை, அளவுக்கு மீறிய சூடு, ரீங்காரம் எதுவும் இல்லையென்றால்தான் கேசட். அரிய கேசட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். இதற்கென்றே ஒரு மலிவான கேசட்டை வைத்திருங்கள்.

8. டிவி

பழைய குழாய் டிவியே இதற்கு ஏற்றது. 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் இன்னும் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. ஏவி உள்ளீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அளவும் காட்சிக்கு வைக்கக் கச்சிதம். உள்ளே திறக்க நினைக்காதீர்கள். படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

நம் நாட்டு டிவியின் வண்ண முறை பி.ஏ.எல்., 50 ஹெர்ட்ஸ். ஜப்பான், அமெரிக்கக் கன்சோல்கள் என்.டி.எஸ்.சி., 60 ஹெர்ட்ஸ். படம் நிலையாக இருந்து நிறம் மட்டும் வராவிட்டால் வண்ண முறை பொருந்தவில்லை. படம் மேலும் கீழும் உருண்டால் 60 ஹெர்ட்ஸை டிவி பிடிக்கவில்லை. இரண்டிலும் கன்சோல் பழுதில்லை. டிவியின் மெனுவில் வண்ண முறையைத் தானியங்கிக்கு மாற்றிப் பாருங்கள், இல்லையேல் வேறு டிவியில் சோதியுங்கள்.

1983-இல் வந்த அசல் ஃபாமிகாமில் ஏவி வெளியீடே கிடையாது. ஜப்பானிய ஆன்டெனா அலைவரிசை ஒன்றில் மட்டுமே படம் வரும். நம் டிவியில் அதைப் பிடிப்பது பெரும்பாடு. ஏவி வேண்டுமானால் 1993-இல் வந்த மறுவடிவத்தைத் தேடுங்கள், அல்லது உள்ளே மாற்றம் செய்ததை வாங்குங்கள்.

எல்.இ.டி. டிவியில்தான் ஓட்டுவேன் என்றால், பழைய கன்சோலின் 240 வரிப் படத்தை அது தவறாகப் புரிந்துகொண்டு குழப்பும் என்பதை அறிந்திருங்கள். ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. போன்ற மாற்றிகள் இதற்கென்றே உள்ளவை. மலிவான ஏவி–எச்.டி.எம்.ஐ. பெட்டி கன்சோல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போதும். விளையாட, பொத்தானை அழுத்திய பிறகு தாமதம் தெரியும். டிவி கேமோடு வந்த துப்பாக்கி எந்த எல்.இ.டி. டிவியிலும் சுடாது, அதற்குக் குழாய் டிவி மட்டுமே.

9. கேசட்டுகளும் குறுந்தகடுகளும்

கேசட்டை ஊதாதீர்கள். வாய்க்காற்றில் உள்ள ஈரமும் உமிழ்நீரும் தொடுமுனையில் படிந்து அரிக்கும். ஊதியபின் ஓடுவது, கழற்றி மறுபடி செருகியதால்தான்.

பஞ்சுக்குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டு, தொடுமுனைகளின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். முதல் குச்சி கருப்பாக வரும், இரண்டாவது சாம்பல் நிறமாக, மூன்றாவதோ நான்காவதோ வெள்ளையாகவே திரும்பும். வெள்ளையாக வரும்வரை நிறுத்தாதீர்கள். உப்புத்தாளும் பேனா அழிக்கும் ரப்பரும் வேண்டாம். மெல்லிய தங்கப்பூச்சு போய்விட்டால் அடியில் உள்ள செம்பு நம் ஊர்க் காற்றில் வெகு விரைவில் பச்சை பிடிக்கும்.

நம் ஊர் டிவி கேம் கேசட்டுகள் ஃபாமிகாம் வகை, 60 முனை. என்.இ.எஸ். கேசட்டுகள் 72 முனை. இணைப்பான் இல்லாமல் ஒன்றில் மற்றொன்று ஓடாது.

ஆட்டத்தைச் சேமிக்கும் கேசட்டுகளுக்குள் சி.ஆர். 2032 போன்ற பொத்தான் பேட்டரி இருக்கும். அதைக் கழற்றியதும் பழைய சேமிப்பு அழிந்துவிடும் என்பதை உரியவரிடம் முன்பே சொல்லுங்கள். மாற்றும்போது, ஏற்கனவே தகடு பற்றவைத்து வரும் வகையை வாங்கிச் சோல்டர் செய்யுங்கள். பேட்டரியின் மேலேயே நேரடியாகச் சோல்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

குறுந்தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் உலோகப்படலம் போய்விட்டது. மேலே படிந்த பூஞ்சையை மட்டும், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்கலாம். பற்பசை வைத்தியம் வேண்டாம்.

10. மஞ்சள் ஏறிய உடல்

புறஊதா ஒளியாலும் சூட்டாலும் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும். ஆனால் திட்டுத்திட்டாகப் போகலாம், நம் வெயிலில் உடல் வளையலாம், சில ஆண்டுகளில் மஞ்சளும் திரும்பலாம். மஞ்சளை அப்படியே விடுவதே என் கருத்து. செய்தே தீர வேண்டும் என்றால் உடைந்த ஓட்டில் பழகிவிட்டுத் தொடங்குங்கள்.

11. அலமாரியில் அடுக்குதல்

இங்கே வரும்போது கன்சோல் சுத்தமாக, சோதித்ததாக, உலர்ந்ததாக இருக்கிறது. இனி அதைக் கெடுக்காமல் வைக்க வேண்டும்.

மேற்குச் சன்னலுக்கு எதிரே வேண்டாம். உள்ளே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பட்டை போதும், அதன் மின்வழங்கியை அலமாரிக்கு வெளியே வையுங்கள், சூடு உள்ளே தங்காது.

கேபிளைக் கன்சோலின் மேல் சுற்றி வைக்காதீர்கள். வயரின் மென்மையான உறையில் உள்ள இளக்கி, மாதக்கணக்கில் ஒட்டியிருந்தால் உடலின் பிளாஸ்டிக்கை உருக்கிப் பள்ளமான தடம் பதிக்கும். ஒவ்வொரு கேபிளையும் தனிப் பையில், பெயர் எழுதி, கீழ்த்தட்டில் வையுங்கள். கைப்பிடிகளுக்கும் இதே விதி.

ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். அடியில் உள்ளதன் மேல்மூடி வளைவதோடு, வட்டு சுழலும் கன்சோல்களில் அது உள்ளே உரசவும் செய்யும். குழாய் டிவி எப்போதும் அடித்தட்டில்.

அட்டைப்பெட்டிகளை முன்வரிசையில் காட்டாமல், மூடிய டப்பாவில் ஜெல்லோடு வைத்துவிட்டுக் கன்சோலை மட்டும் காட்சிக்கு வைப்பதையே நான் விரும்புகிறேன். பூச்சியும் பூஞ்சையும் முதலில் தேடுவது அட்டையை. எறும்புக்காக அலமாரிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழக்கம் இங்கே ஆகாது. உள்ளே குறைத்த ஈரத்தை நீங்களே வெளியே கூட்டுகிறீர்கள். எறும்புச் சாக்பீஸ் போதும்.

விளையாடும்போது கன்சோலை வெளியே எடுங்கள். மூடிய அலமாரிக்குள் ஓட்டினால் சூடு போக வழியிருக்காது.

கையடக்கக் கருவிகளில் பேட்டரியை எடுத்துவிட்டே வைக்க வேண்டும், ‘நாளைக்கு விளையாடுவேன்’ என்றாலும்.

12. பதிவேடும் பராமரிப்பும்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: மாடல் எண், வோல்ட், அடாப்டரின் நான்கு விவரங்கள், வண்ண முறை, எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன மாற்றியது, பொத்தான் பேட்டரி மாற்றிய ஆண்டு. எந்த ஊர் என்பதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடலோர வீட்டிலிருந்து வந்ததை அடுத்த ஆண்டும் ஒருமுறை திறந்து, பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஹைக்ரோமீட்டரைப் பாருங்கள், மழை மாதங்களில் இரண்டு முறை. எண் 55-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். மழை பெய்யும் நாளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூசி துடைக்காதீர்கள். அரைமணி நேரத்தில் உள்ளே புகும் ஈரத்தை இறக்கப் பல நாள் ஆகும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கன்சோலையும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். நெடுநாள் மின்சாரம் காணாத கெப்பாசிட்டர்கள் தரம் குறையும், வட்டுக் கன்சோல்களின் தடத்தில் உள்ள கிரீஸும் இறுகும்.

சித்திரை, வைகாசி இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளிலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். டிவியில் கேபிள் இணைப்பு இருந்தால் அதையும், டிவியிலிருந்து கன்சோலுக்குப் போகும் ஏவி வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் மின்னல் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, கேபிள் டிவி வயர் வழியாகவும் வீட்டுக்குள் நுழையும்.